கம்ப்யூட்டர் கூவி அனுப்பும் கடிதம்!

டெலிபோன் மணி அடிக்கிறது. எடுத்துக் காதில் வைத்தால் மனிதக் குரல் இல்லை. அரை விநாடி "கூ" என்று ஒரு சத்தம்; பிறகு மூன்று விநாடி மௌனம்; மறுபடியும் "கூ". "ஹலோ, ஹலோ" என்று எத்தனை தரம் கத்தினாலும் மறுமுனையில் இருப்பவர் சட்டை செய்வதில்லை. எப்படிச் செய்வார்? அங்கே இருப்பது ஒரு கம்ப்யூட்டர்!

1990-ம் ஆண்டுகளில் இப்படித் திகைத்துப் போய் ரிசீவரை வைத்தவர்கள் உலகமெங்கும் அநேகம் பேர். அவர்களைக் கூவி அழைத்த கம்ப்யூட்டர் உண்மையில் தேடியது ஒரு ஃபேக்ஸ் யந்திரத்தை. அதனிடம் கொடுப்பதற்கு ஒரு கடிதம் வைத்திருந்தது.

ஃபேக்ஸுக்குத் தமிழில் "தொலைநகல்" என்று பெயரிட்டிருக்கிறார்கள். மிகவும் பொருத்தமான பெயர். தந்தியில் போவது எழுத்து. ஃபேக்ஸில் போவது எழுத்தல்ல, எழுத்தின் நகல், அதாவது படம். இந்த ஒரு வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாக விளங்கும்.

கம்ப்யூட்டரில் ஒருவர் கடிதம் டைப் அடிக்கிறார். "அ" என்றால் "அ" என்று அதற்குத் தெரியும். அந்த எழுத்தைத் தேடலாம், திருத்தலாம், அழிக்கலாம். ஆனால் அதே கடிதத்தை ஃபேக்ஸாக அனுப்பும்போது கம்ப்யூட்டர் இந்த ஞானம் அத்தனையையும் உதறிவிடுகிறது! கடிதம் முழுவதையும் கறுப்பும் வெள்ளையுமான புள்ளிகளாக மாற்றி, அந்தப் புள்ளிகளைச் சத்தமாக்கி, டெலிபோன் கம்பி வழியே கூவுகிறது. வாங்கிக்கொள்ளும் கம்ப்யூட்டருக்குக் கிடைப்பது ஒரு படம்தான். அதில் "அ" எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. படித்தவன் ஒருவன் தன் கடிதத்தைப் படம் வரைந்து அனுப்ப, வாங்கியவன் எழுதப் படிக்கத் தெரியாமல் விழிப்பது மாதிரிதான்.

பைத்தியக்காரத்தனமாகத் தோன்றுகிறதல்லவா? ஆனால் தமிழர்களுக்கு இந்தப் பைத்தியக்காரத்தனம் ஒரு காலத்தில் பெரிய சௌகரியமாக இருந்தது. 1990-களில் தமிழ் எழுத்துக்களைக் கம்ப்யூட்டரில் அடிக்க ஒவ்வொரு சாப்ட்வேருக்கும் ஒவ்வொரு முறை. ஒருவர் அடித்த தமிழ்க் கடிதத்தை இன்னொருவர் கம்ப்யூட்டரில் திறந்தால், அதே எழுத்துரு அங்கே இல்லாவிட்டால், குரங்கு கையில் அகப்பட்ட பூமாலைதான். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடிற்று. ஃபேக்ஸுக்கு இந்தத் தொல்லையே இல்லை. தமிழோ, சீனமோ, கையெழுத்தோ, எந்த எழுத்தானாலும் அதற்குப் படம்தான். போட்டது போட்டபடி போய்ச் சேரும்.

20 லட்சம் புள்ளிகள்

ஃபேக்ஸ் ஒரு தாளை எப்படிப் பார்க்கிறது? தாளின் அகலத்தில் ஒரு வரிக்கு 1728 புள்ளிகள். நீளவாட்டில் ஒரு மில்லிமீட்டருக்கு 3.85 வரிகள். ஆபீஸ்களில் உபயோகிக்கும் ஏ-4 தாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 1143 வரிகள் வரும். பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 20 லட்சம் புள்ளிகள்! விநாடிக்கு 9600 புள்ளி வீதம் அனுப்பினாலும் ஒரே ஒரு தாளுக்கு மூன்றரை நிமிஷம் ஆகும். டிரங்க் கால் கட்டணம் கொடுத்து இப்படி அனுப்ப யாருக்குக் கட்டும்?

இங்கேதான் நிபுணர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். "வெள்ளை, வெள்ளை, வெள்ளை" என்று 1728 தடவை சொல்வானேன்? "வெள்ளை 1728" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் போகிறது. எழுத்தே இல்லாத ஒரு வெள்ளை வரியை இந்த முறையில் 17 குறிகளில் சொல்லி முடித்துவிடலாம். கறுப்பு விஷயத்தில் இன்னும் சாமர்த்தியம். டைப் அடித்த எழுத்தின் கோடு சாதாரணமாக இரண்டு, மூன்று புள்ளி கனம்தான் இருக்கும். அதிகமாக வரப்போவது அவைதான் என்று, "கறுப்பு 2", "கறுப்பு 3" இரண்டுக்கும் எல்லாவற்றையும்விடச் சிறிய குறியாக, இரண்டே குறியில் முடிகிறாற் போல அமைத்துவிட்டார்கள். அடிக்கடி கூப்பிடும் பிள்ளைக்குச் செல்லப் பெயர் வைத்துச் சுருக்கிக் கூப்பிடுவதில்லையா, அது போல.

இந்த முறையை 1980-ல் சர்வதேச ஆலோசனைக் குழு அங்கீகரித்தது. "மூன்றாம் பிரிவு" என்று இதற்குப் பெயர். 1968-ல் வகுத்த முதல் பிரிவில் ஒரு தாளுக்கு ஆறு நிமிஷம். 1976-ல் வகுத்த இரண்டாம் பிரிவில் மூன்று நிமிஷம். மூன்றாம் பிரிவில் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. ஆயிரக்கணக்கான சித்திர எழுத்துக்களை வைத்துக்கொண்டு டைப்ரைட்டரில் அவஸ்தைப்பட்ட ஜப்பானியருக்கு இது வரப்பிரசாதம். கையால் எழுதி அப்படியே அனுப்பலாமே!

யந்திரங்களின் சம்பாஷணை

இரண்டு யந்திரங்களும் டெலிபோனில் என்ன பேசிக்கொள்கின்றன என்பதைக் கேட்டால் அவற்றின் ஒழுங்கு ஆச்சரியமாக இருக்கும்.

அழைக்கிறவர் "கூ" என்கிறார். மறுமுனை அதைவிட உச்சமான ஒரு தொனியில் பதில் கூவுகிறது. பிறகு, மெதுவாக, விநாடிக்கு 300 குறி வீதம், "என் நம்பர் இது, இன்ன வேகத்தில் வாங்க முடியும், இன்ன அளவுத் தாள் இருக்கிறது" என்று தன் யோக்கியதாம்சங்களைச் சொல்லிக்கொள்கிறது. அழைத்தவர் "சரி, இந்த வேகத்தில் அனுப்புகிறேன்" என்று ஒப்புக்கொண்டு, ஒன்றரை விநாடி வெறும் பூஜ்யங்களை அனுப்பிக் கம்பியைச் சோதிக்கிறார். பூஜ்யங்கள் சிதையாமல் வந்தால் "அனுப்பலாம்" என்று பதில். சிதைந்திருந்தால் "முடியாது" என்று பதில். உடனே வேகத்தைக் குறைத்து மறுபடி சோதனை. அதற்குப் பிறகே தாள் புறப்படும்.

தாள் முடிந்ததும் அனுப்பியவர் "முடிந்தது" என்கிறார். வாங்கியவர் "கிடைத்தது" என்கிறார். அதே டெலிபோன் அழைப்பில், அதே கம்பியில், அந்த நிமிஷத்திலேயே!

இந்தக் கடைசி வார்த்தைதான் ஃபேக்ஸின் உயிர். தபாலில் போட்ட கடிதம் சேர்ந்ததா என்பது தெரிய நாளாகும். சாதாரண ஈமெயில் போய்ச் சேர்ந்ததா, வழியில் எங்காவது முடங்கிக் கிடக்கிறதா என்று அனுப்பியவருக்கு உறுதி கிடையாது. ஃபேக்ஸில் மறுமுனை வாய் திறந்து "கிடைத்தது" என்று சொன்னால்தான் காரியம் முடிந்ததாகக் கணக்கு. யார் எடுத்தார்கள், படித்தார்களா என்பது வேறு விஷயம்.

கடிகாரக்காரரின் யோசனை

ஃபேக்ஸ் என்பது டெலிபோனுக்குத் தங்கை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அக்காள்! கிரகாம் பெல் டெலிபோனுக்குக் காப்புரிமை பெற்றது 1876-ல். அலெக்ஸாண்டர் பெயின் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரக்காரர் படத்தைத் தந்திக் கம்பியில் அனுப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றது 1843-ல். இரண்டு ஊர்களில் இரண்டு ஊசல்கள் ஒரே தாளத்தில் ஆட வேண்டும். ஒன்று எழுத்தைத் தடவிக்கொண்டே போக, மற்றது அதே இடத்தில் காகிதத்தில் கோடு போட வேண்டும். இதுதான் அவர் யோசனை. கடிகாரம் செய்கிறவருக்கு அல்லாமல் வேறு யாருக்கு இது தோன்றும்?

1865-ல் கஸெல்லி என்ற இத்தாலியப் பாதிரியார் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே இத்தகைய யந்திரத்தைப் பொது உபயோகத்துக்கே கொண்டுவந்துவிட்டார். அதை அதிகமாக உபயோகித்தவர்கள் யார் தெரியுமா? கையெழுத்து அசல்தானா என்று சரிபார்க்க விரும்பிய பாங்கிக்காரர்கள்! ஆரம்பம் முதலே இந்த யந்திரத்துக்கும் சாட்சி சொல்லும் தொழிலுக்கும் ஒரு பூர்வ ஜன்ம பந்தம் இருந்திருக்கிறது. ஆனால் சாதாரண ஆபீஸ் மேஜைக்கு ஃபேக்ஸ் வர இன்னும் நூறு வருஷம் ஆயிற்று. 1966-ல் ஜெராக்ஸ் கம்பெனி வெளியிட்ட யந்திரம் 21 கிலோ எடை. சாதாரண டெலிபோன் ரிசீவரை அதன் மேல் வைத்தால் ஆறு நிமிஷத்தில் ஒரு தாள் போகும்.

கம்ப்யூட்டருக்குள் புகுந்தது

ஃபேக்ஸ் யந்திரத்தின் அங்கங்கள் என்ன? தாளைப் பார்க்க ஒரு கண். அச்சடிக்க ஒரு கை. டெலிபோனில் கூவ ஒரு தொண்டை. கடிதம் கம்ப்யூட்டருக்குள்ளேயே பிறந்துவிட்ட பிறகு கண் எதற்கு? திரையிலேயே படித்துக்கொள்ளலாம் என்றால் கை எதற்கு? தொண்டை மட்டும் போதுமே! இப்படி யோசித்து, 1985-ல் கலிபோர்னியாவில் காமாலிங்க் என்ற ஸ்தாபனம், கம்ப்யூட்டருக்குள் செருகும் ஓர் அட்டையை வெளியிட்டது. அதை நிர்மாணித்தவர் ஹாங்க் மாக்னஸ்கி என்ற நிபுணர்.

ஆனால் வீடுதோறும் இதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது கனடாவின் டொராண்டோ நகரத்து டெல்ரினா கம்பெனியின் "வின்ஃபேக்ஸ்". இதில் ஒரு தந்திரம் இருந்தது. கம்ப்யூட்டரை ஏமாற்றி, "நான் ஒரு பிரிண்டர்" என்று அது சொல்லிக்கொள்ளும். கடிதம் எழுதியவர் வழக்கம் போல "பிரிண்ட்" என்று உத்தரவு கொடுத்தால், காகிதத்தில் அச்சாக வேண்டிய புள்ளிகள் டெலிபோன் கம்பியில் போய்விடும்! புதிதாக ஒன்றும் கற்க வேண்டியதில்லை. மோடம் வாங்கினால் இதன் சிறு பதிப்பு கூடவே கிடைத்தது. ருசி கண்டவர்கள் பெரிய பதிப்பைக் காசு கொடுத்து வாங்கினார்கள். 1995-ல் டெல்ரினாவை சைமண்டெக் ஸ்தாபனம் விலைக்கு வாங்கிவிட்டது. அதே வருஷம் வந்த விண்டோஸ் 95-க்கு மைக்ரோஸாப்டே ஒரு ஃபேக்ஸ் வசதியைத் தயாரித்துக் கொடுத்தது.

அனுப்புவது இப்படிச் சுலபமாயிற்று. வாங்குவதுதான் சங்கடம். கம்ப்யூட்டர் இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். ஒரே டெலிபோன் லைன் வைத்திருந்த வீட்டில், வருவது மனிதரின் அழைப்பா, யந்திரத்தின் அழைப்பா என்று தெரியாமல் கம்ப்யூட்டர் முந்திக்கொண்டு எடுத்துவிட்டால், ஊரிலிருந்து பேசும் அத்தையின் காதில் "கீ" என்று ஊதும்!

இதைவிட நுணுக்கமான ஒரு கஷ்டமும் இருந்தது. சாதாரணமாக மோடம் வழியே தகவல் வரும்போது, "கொஞ்சம் பொறு" என்று கம்ப்யூட்டர் சொல்லலாம். ஃபேக்ஸில் அந்தப் பேச்சே கிடையாது. மறுமுனையில் தாள் ஓடிக்கொண்டிருக்கும். பழைய கம்ப்யூட்டர்களில் மோடத்திலிருந்து வருவதை வாங்கும் சில்லுக்கு ஒரே ஒரு எழுத்தளவுக்குத்தான் இடம். வேகம் 9600 என்றால், விநாடிக்கு அப்படி 1200 வந்து விழும். அதாவது ஒவ்வொரு ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள்ளும் கம்ப்யூட்டர் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரம் பார்த்து அது டிஸ்க்கில் எதையோ எழுதிக்கொண்டிருந்தால், பின்னால் வந்தது முன்னால் வந்ததை மிதித்துவிடும். ஃபேக்ஸில் குறுக்கே ஒரு கீறல். ஒரு வரி காணோம். அந்த வரியில்தான் விலை விவரம் இருந்திருக்கும்! 16 எழுத்தளவு இடம் கொண்ட புதிய சில்லு வந்த பிறகே இந்தத் துன்பம் தணிந்தது.

பெரிய ஆபீஸ்களில் ஆளுக்கு ஒரு மோடம் கட்டுப்படியாகுமா? சிலிகான் கிராபிக்ஸ் ஸ்தாபனத்தில் வேலை பார்த்த சாம் லெஃப்லர் என்ற நிபுணர், ஒரே கம்ப்யூட்டரில் சில மோடங்களை மாட்டி ஆபீஸ் முழுவதற்கும் ஃபேக்ஸ் சேவை செய்யும் சாப்ட்வேரை எழுதினார். அதை இலவசமாகவே உலகத்துக்கு விட்டுவிட்டார். அதன் பெயர் "ஹைலாஃபேக்ஸ்". ஹைலா என்றால் மரத் தவளை இனம். இரவெல்லாம் கூவும் ஜீவன். பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்!

இரவெல்லாம் கூவ முடியும் என்றால் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? ஆயிரம் நம்பர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுத் தூங்கப் போய்விடலாம். விடிவதற்குள் ஆயிரம் ஆபீஸ்களில் விளம்பரம் இறங்கிவிடும். காகிதச் செலவும் மைச் செலவும் வாங்குகிறவன் தலையில்! கேட்காத விளம்பர ஃபேக்ஸ் ஒவ்வொன்றுக்கும் 500 டாலர் நஷ்டஈடு கேட்கலாம் என்று அமெரிக்காவில் 1991-ல் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று.

பெங்களூர் வழக்கு

"கிடைத்தது" என்ற ஒற்றை வார்த்தைக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதை நம் நாட்டு வழக்கு ஒன்று காட்டிற்று.

பெங்களூர் ஏற்றுமதி ஸ்தாபனம் ஒன்றுக்கு அமெரிக்க இறக்குமதி ஸ்தாபனம் ஒன்று கொடுத்த செக்குகள் பாங்கியில் பணமில்லாமல் திரும்பிவிட்டன. சட்டப்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது கிடைத்த 15 நாளைக்குள் பணம் வராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் பிராது கொடுக்க வேண்டும். பெங்களூர்க்காரர்கள் ஜாக்கிரதையான மனிதர்கள். 1996 ஜூன் 11-ந் தேதி நோட்டீஸை ஃபேக்ஸில் அனுப்பினார்கள். அதோடு நிற்காமல் ரிஜிஸ்தர் தபாலிலும் அனுப்பினார்கள். தபால் ஜூன் 25-ந் தேதி போய்ச் சேர்ந்தது. பணம் வரவில்லை. ஆகஸ்டு 8-ந் தேதி பிராது கொடுத்தார்கள்.

தபால் சேர்ந்த தேதியிலிருந்து எண்ணினால் பிராது கெடுவுக்குள் அடங்கும். ஃபேக்ஸ் சேர்ந்த தேதியிலிருந்து எண்ணினால் ஜூலைக் கடைசியிலேயே கெடு தீர்ந்துவிட்டது!

சாதாரணமாகக் கடன்பட்டவர்கள் என்ன சொல்வார்கள்? "எங்களுக்கு நோட்டீஸே வரவில்லை" என்பார்கள். இங்கே நேர்மாறு. ஃபேக்ஸ் ஜூன் 11-ந் தேதியே கிடைத்துவிட்டது என்று செக் கொடுத்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1999 மே மாதம் தீர்ப்பு. நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, தபாலில்தான் போக வேண்டும் என்று சொல்லவில்லை; ஃபேக்ஸ் போன்ற விஞ்ஞான சாதனங்கள் வளர்ந்துவரும் காலத்தில் செய்த சட்டத்துக்குக் குறுகிய அர்த்தம் கொள்ளக் கூடாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். ஃபேக்ஸ் செல்லும். செல்லுமென்றால் அந்தத் தேதியும் செல்லும். பிராது கெடு கடந்தது!

பாவம், பெங்களூர்க்காரர்கள். அவர்கள் அனுப்பிய ஃபேக்ஸ் பழுதாகிப் போயிருந்தால் கெடு அவர்கள் பக்கம் இருந்திருக்கும். அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததே அவர்களுக்கு வினையாயிற்று.

ஆஸ்பத்திரியில் இன்னும்

ஃபேக்ஸ் மறைந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் அமெரிக்க ஆஸ்பத்திரிகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். 2020-ல் கொரோனா நோய் பரவியபோது, அந்நாட்டில் பல ஊர்களின் சுகாதார இலாகாக்களுக்குப் பரிசோதனை முடிவுகள் ஃபேக்ஸில் வந்து குவிந்தன. பரிசோதனைச் சாலையில் கம்ப்யூட்டரில் இருந்த பெயரும் வயதும் முடிவும் படமாகிக் கம்பியில் போய், காகிதமாகி, இலாகா ஊழியர் கண்ணால் பார்த்து மறுபடி கம்ப்யூட்டரில் டைப் அடித்தார்கள்! யாருக்கு நோய், யாரைத் தனியே வைக்க வேண்டும் என்று அவசரமாகத் தெரிய வேண்டிய வேளையில் இந்தச் சுற்று வழி. எழுத்தைப் படமாக்கும் விந்தைக்கு இது ஒரு விலை.

மற்றொரு விலை, தப்பான நம்பர். நோயாளியின் ரகசியம் ஒரு எண் மாறிப் போனால் எந்தக் கடையிலோ போய் இறங்கும். அங்கேயும் யந்திரம் ஒழுங்காக "கிடைத்தது" என்றே சொல்லும். கம்ப்யூட்டரின் விலாசப் பட்டியலில் தப்பான நம்பர் ஏறிவிட்டாலோ, அது சலிக்காமல் ஒவ்வொரு தடவையும் அங்கேயே அனுப்பும்.

பிரிட்டனில் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் 2019 ஜனவரி முதல் புதிய ஃபேக்ஸ் யந்திரம் வாங்கக் கூடாது என்றும், 2020 மார்ச் 31-க்குள் பழையவற்றையும் ஒழித்துவிட வேண்டும் என்றும் மந்திரி உத்தரவு போட்டார். ஜப்பானில் 2021-ல் மந்திரி ஒருவர் சர்க்கார் இலாகாக்களில் ஃபேக்ஸை நிறுத்த முயன்றார். நூற்றுக்கணக்கான ஆட்சேபங்கள் இலாகாக்களிலிருந்தே கிளம்பின. முயற்சி பின்வாங்கிற்று.

மந்திரிகளால் முடியாததை டெலிபோன் கம்பெனிகள் செய்துகொண்டிருக்கின்றன. பழைய செப்புக் கம்பி லைன்கள் உலகமெங்கும் எடுபட்டு வருகின்றன. இப்போது பேச்சு இன்டர்நெட் வழியே துண்டு துண்டாகப் போகிறது. மனிதக் குரலில் ஒரு துண்டு தவறினால் காது பொறுத்துக்கொள்ளும். ஃபேக்ஸின் கூவல் பொறுக்காது. 1998-லேயே இதற்கு "டி.38" என்று ஒரு சர்வதேச முறையை வகுத்துவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் ஒரு கருவி கூவலைக் கேட்டு அர்த்தம் செய்துகொள்கிறது. அர்த்தத்தை மட்டும் இன்டர்நெட்டில் அனுப்புகிறது. அந்தப் பக்கத்தில் இன்னொரு கருவி மறுபடி கூவுகிறது. இரண்டு யந்திரங்களுக்கும் நடுவில் கம்பியே இல்லை என்பது தெரியாது.

மோடமே இல்லாமல் ஃபேக்ஸ் அனுப்பிக் கொடுக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. ஈமெயிலில் கடிதத்தைக் கொடுத்தால், அவர்களுடைய கம்ப்யூட்டர் எங்கிருந்தோ டயல் செய்து கூவி, வேலை முடிந்ததும் ரசீது அனுப்புகிறது. அந்த ரசீதை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "பெற்றுக்கொண்டோம்" என்று போட்டிருந்தால் கடிதம் அந்தக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது என்று அர்த்தம். மறுமுனை யந்திரம் எடுத்த மணி, நிமிஷம், தாள்களின் எண்ணிக்கை மூன்றும் போட்டிருந்தால்தான் கூவலுக்குப் பதில் கூவல் வந்தது என்று அர்த்தம்.